மூன்று வரிசைச் செங்கல்

அன்பு மகன் மேனேஜர் ஐயாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், உன் அப்பா சுகம், அவருடைய வேன் மட்டும் காலையில் இருமுகிறது. நீயும் அங்கே தலைவலி காய்ச்சல் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு கண்ணைக் கெடுக்காமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன், நம்பாமல் என்ன செய்வது, நேரில் வந்து பிடுங்கவா முடியும். ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னதை மறக்கவில்லை. அம்மா, கோயில் கமிட்டிக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடுத்துடு, நாலு வரி போதும், நான் சொல்றேன் நீ எழுதிக்கோ என்றாய். நாலாம் வகுப்போடு நின்றவளுக்கு நாலு வரிதான் வரும் என்று கணக்குப் போட்டாய் போலிருக்கிறது. இதோ எழுத உட்கார்ந்துவிட்டேன், ஆனால் கமிட்டிக்கு இல்லை, உனக்கு. தபால் போய்ச் சேர நாளாகும், அதனால் அப்பா இதைப் போட்டோ எடுத்து உன் போனுக்கு அனுப்புவார். போனில் சொன்னால் நடுவில் அம்மா அம்மா என்று குறுக்கே விழுவாய், கடிதத்தில் விழ முடியாது பார். எழுத்துப்பிழை இருந்தால் சிரித்துவிட்டு மேலே படி. நீ முதன்முதலில் எழுதியபோது அம்மா என்பதில் ஒரு புள்ளியைக் காணோம், நான் அதற்காக உன்னை வீட்டை விட்டு அனுப்பவில்லை.

உன் ஆபீசில் ஒருவன் என் வீடியோவைக் காட்டி, இது உங்க அம்மாதானே என்று சிரித்தானாமே. அம்மனைத் தூக்கிட்டுப் போய் அவங்க வீட்டுல விட்டுடுவேன் என்று நான் கூட்டத்தில் கத்துகிற வீடியோ. கத்தினது நான்தான். தலைகூட வாராமல் நின்றிருக்கிறேன், அது ஒன்றுதான் எனக்கு வருத்தம். ஆனால் நான் பேசினது அரை மணி நேரம், அவன் பார்த்தது அரை நிமிடம். மீதியை நான் சொல்கிறேன், அவனுக்கும் படித்துக் காட்டு.

கோயில் வந்த கதை உனக்குத் தெரியும், ஆனால் வெளிநாட்டுக்குப் போனபிறகு பாதி மறந்திருப்பாய், அதனால் மொத்தமாகச் சொல்கிறேன். நம் தெருக் கோயில் நிற்கிற இடம் முன்னாளில் மெத்தைக்கார அண்ணன் வீட்டுப் பின்கட்டு. அவருடைய பாட்டனுக்குப் பாட்டன் பஞ்சு அடிக்கிறவர், ஐந்து வேளையும் தொழுகிற குடும்பம், இன்றைக்கும் அப்படித்தான். அந்தப் பாட்டனுக்கு நாலு பிள்ளைகள், நாலும் ஆண். அந்த வீட்டம்மாவுக்கு ஒரு பெண் வேண்டும் என்று ஆசை. பின்கட்டில் கிணறு தோண்டினார்கள், எத்தனை ஆழம் போயும் தண்ணீர் இல்லை, ஒருநாள் கடப்பாரை எதிலோ மோதியது. மண்ணை ஒதுக்கினால் கல்லில் ஒரு பெண் முகம். கடப்பாரை பட்டு மோவாயில் ஒரு சில்லு தெறித்திருந்தது. தோண்டினவன் பயந்துபோய்க் கயிற்றைப் பிடித்து ஏறி ஓடியே போய்விட்டானாம். அந்தம்மா எட்டிப் பார்த்தாள், பார்த்தவள் கையில் இருந்த பஞ்சோடு கிணற்றில் இறங்கினாள், அடிபட்ட பிள்ளைக்கு அழுத்துகிற மாதிரி அந்த மோவாயில் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்தாள். கையை எடுக்கும் முன்னால் காலுக்கடியில் தண்ணீர் ஊறியது. அந்த முதல் தண்ணீரில்தான் முகத்தைக் கழுவினாள். நம் ஆட்கள் போய்க் கேட்டபோது அவள் சொன்னாளாம், கும்பிடுறவங்க நீங்க, கூட்டிட்டுப் போங்க, எங்க வழியில கல்லைக் கும்பிடுறதில்லை, ஆனா இது என் வீட்டுல காயம்பட்டு எந்திரிச்ச பொண்ணு, தூரமாக் கட்டிக் குடுக்க மாட்டேன், பின்கட்டுல பாதியை எடுத்துக்கோங்க, கிணத்துக்கு நடுவுல சுவர் வெச்சுக்கலாம், சுவத்துல ஒரு வழி விடணும், தினம் காலைல பொண்ணு எந்திரிச்சிட்டாளான்னு நான் கேக்கணும், மொதத் தண்ணி என் வீட்டுலேருந்து போகணும். அவ்வளவுதான் கதை. நம் அம்மனுக்கு அந்த வீடுதான் தாய்வீடு. எத்தனை தலைமுறை ஆச்சு என்று கேட்டால் பூசாரி ஐந்து என்பார், மெத்தைக்கார அண்ணன் ஏழு என்பார், அதில் இரண்டு பேருக்கும் சண்டை, வேறு எதிலும் சண்டை இல்லை. இன்றைக்கும் காலையில் மெத்தைக்கார அண்ணி முதல் குடத்தை இறைத்து அந்தத் திறப்பு வழியாக நீட்டி, பொண்ணு எந்திரிச்சிட்டாளா என்று கேட்பாள், இந்தப் பக்கம் பூசாரி, எந்திரிச்சிட்டா, தண்ணி குடுங்க என்பார். குளிப்பாட்டி முடித்ததும் மோவாயில் ஒரு துளி பஞ்சு வைப்பார். உனக்கு ஐந்து வயதில் பூசாரி வாயைத் திறக்கும் முன்னால் நீதான் எந்திரிச்சிட்டா என்று கத்துவாய், அவர் உன் காதைத் திருகுவார், மறந்துவிட்டதா.

இப்போது கமிட்டித் தலைவராக இருப்பவர் டைல்ஸ் கடைக்காரர். நம் தெருவுக்கு வந்து எட்டு வருடம் ஆகிறது. அவருக்கு வழவழா என்று பெயர் வைத்தது நான்தான் என்பதை அவரிடம் யாரும் இன்னும் சொல்லவில்லை. கெட்ட மனிதர் இல்லை, கோயிலுக்கு விளக்கு போட்டார், கூரை ஒழுகினபோது தாமே ஏறித் தார் பூசினார், ஆனால் எதைப் பார்த்தாலும் அதன்மேல் டைல்ஸ் ஒட்ட வேண்டும் அவருக்கு. கோயிலின் பின்பக்கம் முழுக்க ஒட்டப்போகிறோம், நீதான் செய்யணும், முடிஞ்சதும் என் புது வீட்டு வேலையும் உனக்குத்தான் என்று கொத்தனார் வேலைக்கு என்னைக் கூப்பிட்டார். இரண்டு வருடத்துக்கு வேறு வேலை தேட வேண்டாம். நான் பல்லைக் காட்டிக்கொண்டு தலையை ஆட்டினேன். காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் படிக்கவில்லை, பார்த்தவுடன் எல்லாம் புரிந்தமாதிரி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றேன், அதுதான் என் தப்பு. முதல் நாள் செங்கல், சிமெண்ட் எல்லாம் என் காசில் நானே ஏற்றிக்கொண்டு போய் இறக்கினபிறகு சொல்கிறார், மொதல்ல அந்தக் கிணத்துச் சுவர் ஓட்டையை அடைச்சிடு, ஆழ்துளைக் குழாய் போடுறோம், மோட்டார் வருது, தொட்டி வருது, இனிமே அந்தப் பக்கத்துத் தண்ணி வேண்டாம். ஏன் என்று கேட்டேன். சுத்தம் என்றார். நல்ல தண்ணிதானே என்றேன். குரலைத் தணித்துக்கொண்டு, காலம் முன்ன மாதிரி இல்லம்மா, நாளைக்கு யாராவது எதையாவது கலந்துட்டா யார் பொறுப்பு என்றார்.

அந்த வார்த்தையைக் கேட்டதும் நான் சாந்துக் கரண்டியை வீசிவிட்டு வந்தேன் என்று எழுதினால் உனக்கு அம்மாவைப் பற்றிப் பெருமையாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. எனக்குச் சுட்டது, ஆனால் இரண்டு வருட வேலை கண் முன்னால் நின்றது, உன் அப்பாவின் வேன் இருமுவது காதில் கேட்டது, நான் கலவை குழைத்தேன். அந்தத் திறப்பு பாதி கிணற்று வாய்க்கு மேலே இருக்கிறது, உனக்கு நினைவிருக்கும். இந்தப் பக்கம் நின்று கல் வைத்தால் கலவை தண்ணீரில் விழும், கல் நழுவும், அந்தப் பக்கம் யாராவது பலகையைச் சுவரோடு அணைத்துப் பிடித்தால்தான் கட்டு நிற்கும். அண்ணா, கொஞ்சம் பலகை பிடிக்க முடியுமா என்று கூப்பிட்டேன். மெத்தைக்கார அண்ணன் தாடியில் பஞ்சு ஒட்டினபடி வந்தார். பலகையைப் பார்த்தார், என் கையில் செங்கலைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை, பிடித்தார். முதல் வரிசை வைத்தேன். வழக்கமாக நான் வேலை செய்கிற இடத்தில் என் வாய் ஓயாது, அன்றைக்குச் செங்கல்லை மட்டும் எண்ணினேன். இரண்டாவது வரிசை. பலகையை உயர்த்திக்கோங்க அண்ணா என்றேன், உயர்த்தினார். மூன்றாவது வரிசை வைத்தபோது பலகைக்கு மேலே அவர் கண் மட்டும் தெரிந்தது. அவருக்குப் பின்னால் அண்ணி வந்து நின்றுகொண்டு, நாளைக்குக் காலைல பொண்ணு எந்திரிச்சிட்டாளான்னு நான் எங்க நின்னு கேக்கிறது என்று கேட்டாள். என்னிடம் கேட்கவில்லை, புருஷனிடம் கேட்டாள். அவர் பலகையை விடாமல், சும்மா இரு, கட்டிக் குடுத்த வீட்டுல சுவர் வைக்கிறாங்க, பொறந்த வீட்டுக்காரங்க நாம என்ன பேச முடியும் என்றார்.

நாலாவது வரிசைக்கு எடுத்த கல்லைக் கீழே வைத்தேன். கரண்டியைக் கழுவி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். உன் அப்பா என்ன சீக்கிரம் வந்துட்ட என்று கேட்டார், நான் சொன்னேன், அவர் ஒன்றும் பேசாமல் வேனைத் துடைக்கப் போய்விட்டார். உனக்குத்தான் அவரைத் தெரியுமே, பேச வேண்டிய இடத்தில் ஹாரன் அடிக்கிற மனிதர்.

மறுநாள் மாலை கமிட்டி கூடியது, என்னையும் கூப்பிட்டார்கள். பாதி வேலையில் ஏன் போனாய் என்று கேட்டார்கள். நான் கதையைச் சொன்னேன். தலைவர் ஒரு காகிதத்தை எடுத்து வாசித்தார், கம்ப்யூட்டரில் அடித்தது, கல்லில் வெட்டி வாசலில் வைக்கப் போகிறார்களாம். ஒரு பக்தர் கனவில் அம்மன் தோன்றி இடம் காட்டியதாகவும் அவர் தோண்டி எடுத்ததாகவும் இருந்தது. பஞ்சு அடிக்கிறவரும் இல்லை, அந்தம்மாவும் இல்லை. கனவுல அவ்வளவு தூரம் வந்த அம்மன் கிணறு யார் வீட்டுலன்னு மட்டும் சொல்ல மறந்துட்டாளா என்று கேட்டேன். பின்னால் நான்கு பேர் சிரித்தார்கள். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. நீ சொல்றது வாய்க்கதை, எழுத்து இருக்கா, பட்டயம் இருக்கா, ஆதாரம் காட்டு என்றார். எழுத்து என்றதும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், இவள் எங்கே படிக்கப் போகிறாள் என்று. எந்திரிச்சு வாங்க, காட்டுறேன் என்று எல்லோரையும் கிணற்றடிக்குக் கூட்டிப் போனேன்.

முப்பது வருடம் சுவர் கட்டினவள் நான். எனக்கு எழுத்து தடுமாறும், செங்கல் தடுமாறாது. முதலில் கிணற்றைக் காட்டினேன். உள்ளே பாருங்க, வளையம் முழு வட்டமா சுவருக்கு அடியிலயும் ஓடுது, அப்படின்னா கிணறு முன்னாடி, சுவர் பின்னாடி. பிறகு திறப்பின் ஓரத்தைக் காட்டினேன். முழுக் கல், அரைக் கல், முழுக் கல், அரைக் கல் என்று இரண்டு ஓரமும் ஒழுங்காக முடிந்திருக்கிறது. பின்னால் எவனோ உடைத்து வைத்த ஓட்டை என்றால் வெட்டுப்பட்ட கல் பல்லைக் காட்டும், இது சுவர் எழும்பும்போதே விட்ட வழி. கடைசியாகச் சுவரைத் தடவிப் பார்க்கச் சொன்னேன். நம் பக்கம் முண்டும் முடிச்சுமாகக் கலவை பிதுங்கிக் கிடக்கிறது, அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தால் நூல் பிடித்த மாதிரி நேர். கட்டுகிறவன் எந்தப் பக்கம் நிற்கிறானோ அந்தப் பக்கம்தான் முகம் நேராக வரும், எந்தச் சித்தாளைக் கேட்டாலும் சொல்லுவாள். சுவர் வெச்சவங்க அவங்க, அவங்க மண்ணுல நின்னு வெச்சிருக்காங்க, வெச்சவங்களே வழியும் விட்டிருக்காங்க, அதை அடைக்க நாம யாரு என்று கேட்டேன். மற்றவர்கள் சுவரைத் தடவிக்கொண்டே நின்றார்கள். தலைவர் மட்டும், நீ சொல்றது உண்மையாவே இருக்கட்டும், அது அந்தக் காலம், இப்ப வேண்டாம்னா வேண்டாம் என்றார். அப்போதுதான் எனக்குச் சூடு ஏறியது. கலந்துடுவாங்கன்னு சொன்னீங்களே, ஏழு தலைமுறையா மொதத் தண்ணி அவங்க கையால வருது, அந்தத் தண்ணியைத்தான் தீர்த்தம்னு நீங்களும் குடிக்கிறீங்க, எட்டு வருஷமா குடிச்சு என்ன ஆச்சு, உடம்பு பெருத்ததுதான் மிச்சம் என்றேன். பொண்ணு பொறந்த வீட்டுக்குப் போற வழியை அடைக்கிறது என்ன புகுந்த வீடு, நீங்க அடைச்சா நான் அம்மனைத் தூக்கிட்டுப் போய் அவங்க வீட்டுல விட்டுடுவேன், புத்தி வந்ததும் போய்க் கூட்டிக்கோங்க என்றேன். இதுதான் உன் ஆபீஸ்காரன் பார்த்த அரை நிமிடம். இதில் எதை நான் திருப்பி எடுக்க வேண்டும் சொல். நானும்தான் கோபித்துக்கொண்டு மூன்று தடவை தாய்வீட்டுக்குப் போயிருக்கிறேன், மூன்று தடவையும் உன் அப்பா வந்து வாசலில் ஹாரன் அடித்துக் கூட்டி வந்தார். வழி அடைத்திருந்தால் எங்கே போயிருப்பேன், நீ எங்கே பிறந்திருப்பாய்.

பூசாரி ஒரு ஓரமாக நின்றுகொண்டிருந்தார். கமிட்டி போடுகிற சோற்றைச் சாப்பிடுகிறவர், அவரைப் பேசச் சொல்லி நான் கேட்கவில்லை. அவராகவே, தினம் காலைல ஒருத்தர் என்கிட்ட கேள்வி கேக்கிறாங்க, நான் பதில் சொல்றேன், மோட்டார் என்கிட்ட என்ன கேக்கும் என்றார். அதோடு கூட்டம் கலைந்தது. தலைவர் போகிற போக்கில், வச்ச மூணு வரிசையில யாரும் கை வைக்கக் கூடாது, அது கோயில் சொத்து, மீதியை வேற ஆளை விட்டுக் கட்டிக்கிறேன், உனக்கு இனிமே இங்க வேலை இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கே நான் மெத்தைக்கார அண்ணன் வீட்டுக்குப் போனேன். நீ மன்னிப்பு மன்னிப்பு என்று சொல்கிறாயே, அதை அங்கே கேட்டுவிட்டேன். பலகை பிடிக்கச் சொன்னதுக்கு மன்னிச்சிடுங்கண்ணா என்றேன். நீ சொன்ன, நான் பிடிச்சேன், இதுல என்னம்மா இருக்கு என்றார். அதைவிட அவர் திட்டியிருக்கலாம். இனிமே வேற கொத்தனார் வந்து பலகை பிடிக்கச் சொன்னா கை வலிக்குதுன்னு சொல்லிடுங்க என்றேன். எனக்குப் பொய் வராதேம்மா என்றார். அப்ப நிஜமாவே வலிக்கிற மாதிரி நாலு மூட்டை சிமெண்ட் இறக்க விடுறேன், வாங்க என்றேன். அண்ணிக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது, இரண்டு நாளாக அழுதுகொண்டிருந்தவள்.

மறுநாள் காலை முதல் தண்ணீர் நேரத்துக்கு உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். திருட்டுத்தனமாகப் போகவில்லை, தெரு நடுவில் நடந்து, எதிரில் வந்தவர்களிடம் எல்லாம் எங்கே போகிறேன் என்று சொல்லிக்கொண்டே போனேன், அதனால் போய்ச் சேரும்போது பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர். செங்கல் நான் கொண்டுவந்தது, வச்சது என் கை, என் கல்லை நான் எடுத்துட்டுப் போறேன், கோயில் சுவத்துல ஒரு சில்லு விழுந்தா கேளுங்க என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். தலைவர் ஓடி வந்து போனை நீட்டி வீடியோ எடுத்தார். நல்லா எடுங்க, என் பையன் பார்ப்பான் என்று சொல்லி இந்தத் தடவை தலையைச் சரிசெய்துகொண்டேன். கல் கிணற்றில் விழாமல் இருக்க இந்தப் பக்கம் யாராவது பலகை பிடிக்க வேண்டும். யாரைக் கூப்பிடலாம் என்று திரும்பினால் உன் அப்பா நிற்கிறார். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்ற வேண்டிய நேரம், வேனைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு வந்திருக்கிறார். நேராக வந்து பலகையைப் பிடித்தார். கலவை இன்னும் முழுக்க இறுகவில்லை, ஒவ்வொரு கல்லாக முழுசாக வந்தது, முதல் வரிசை, இரண்டாவது, மூன்றாவது. கடைசிக் கல் வந்ததும் அந்தப் பக்கம் அண்ணி குடத்தோடு தயாராக நின்றாள். பொண்ணு எந்திரிச்சிட்டாளா என்று கேட்டாள். பூசாரி தலைவரைப் பார்த்தார், தலைவர் பூசாரியைப் பார்த்தார். அண்ணி நீட்டின குடம் அப்படியே திறப்பில் நிற்கிறது. அப்போது என் பக்கத்தில் ஒரு சத்தம், எந்திரிச்சிட்டா அண்ணி, தண்ணி குடுங்க என்று. நான் யாரோ என்று பார்த்தேன். உன் அப்பா. இருபத்தெட்டு வருடமாக அந்தக் குரலை நான் அவ்வளவு சத்தமாகக் கேட்டதில்லை, உன் காலில் கொதித்த தண்ணீர் கொட்டினபோதுகூடக் கேட்டதில்லை. குடத்தை அவர்தான் வாங்கினார், வாங்கிப் பூசாரி கையில் கொடுத்தார், பூசாரி அம்மனுக்கு ஊற்றினார்.

தலைவர் புகார் கொடுத்திருக்கிறார். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு என்னை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். போவேன். உளி சுத்தியலைக் கேட்டால் காட்டுவேன், கல்லைக் கேட்டால் அதையும் காட்டுவேன், ஒன்றைக்கூடத் தூக்கிப்போடவில்லை, அந்தக் கல்லை வைத்தே அண்ணிக்குக் கிணற்றடியில் குடம் இறக்கி வைக்க ஒரு மேடை கட்டிக் கொடுத்துவிட்டேன். கிணற்றுச் சுவரில் கைவைக்க வேறு கொத்தனார் இதுவரை வரவில்லை, வந்தாலும் வரட்டும், நான் தினம் காலையில் அங்கேதான் நிற்கிறேன், உன் அப்பாவும் வேனை அந்த வழியாகத்தான் ஓட்டுகிறார். வேலை போனதைப் பற்றி நீ கவலைப்படாதே, இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் மாடிப்படி கேட்டிருக்கிறார்கள். பணம் அனுப்புகிறேன் என்று போன் பண்ணாதே. அம்மா பெயர் கெட்டுவிட்டது என்று நீ சொன்னாய். எனக்கு இருப்பது ஒரே பெயர், கொத்தனாரம்மா, அது கெட வேண்டுமானால் நான் வைத்த சுவர் சாய வேண்டும், சாய்ந்தது ஒன்று சொல்.

உன் குளியலறை மூலையில் ஈரம் என்றாயே, அதை விட்டுவிடாதே, டைல்ஸ் இடுக்கை ஆணியால் சுரண்டிவிட்டு வெள்ளைச் சிமெண்டைக் கெட்டியாகக் குழைத்து விரலால் அழுத்து, ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள். நீ படித்த படிப்புக்கு இது வராவிட்டால் வெளியில் சொல்லாதே. அம்மன் உனக்குக் கைகால் சுகத்தையும் நல்ல தூக்கத்தையும் குடுக்கட்டும், மெத்தைக்கார அண்ணனும் தொழுகையில் உன்னைச் சொல்கிறாராம், இரண்டு பக்கமும் உனக்காகச் சொல்லியாகிறது, அதனால் கொஞ்சம் தைரியமாக இரு. வியாழக்கிழமை பத்து மணிக்குப் போன் பண்ணாதே, எடுக்க மாட்டேன். வேறு நாளில் நம் காலை நேரம் பார்த்துப் பண்ணு, கிணற்றடியில் போனைத் திறப்புப் பக்கம் வைக்கிறேன். அண்ணி கேட்பாள். நீ சின்ன வயதில் கத்தினமாதிரி அங்கிருந்தே பதில் சொல், காதைத் திருகப் பூசாரிக்குக் கை எட்டாது.

இப்படிக்கு,
மன்னிப்புக் கேட்க வேண்டிய வீட்டில் கேட்டுவிட்ட
உன் அம்மா